சத்தம் போட்டவர் தோற்றார்

கல்யாண வரவேற்பில் மைக்கைக் கையில் வாங்குவதற்கு முன்னால் பிரிஸ்கா ஒருமுறை வாந்தி எடுப்பாள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். மண்டபத்துக்குப் பின்புறம் போய், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து வயிற்றைக் காலி செய்வாள். வாய் கொப்பளித்து, உதட்டுச் சாயத்தைச் சரி செய்துகொண்டு உள்ளே வருவாள். அதற்கப்புறம் அவள் வாயைத் திறந்தால் முந்நூறு பேர் விலா நோகச் சிரிப்பார்கள். சுரங்க ஊரான லுவான்ஷியாவில் சனிக்கிழமை கல்யாணம் என்றால் கேக்குக்குச் சொல்வதற்கு முன்பே அவளிடம் தேதி கேட்டு வருவார்கள். மூத்த மகள் கலுபா பிறந்த நாளிலிருந்து ஊருக்கு அவள் 'பனா கலுபா', கலுபாவின் அம்மா. பத்திரிகையைக் கையில் வாங்கியதும், "பனா கலுபா வர்றாளா? அப்ப நானும் வர்றேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு.

ஆனால் அவள் பிறவியிலேயே பயந்தவள். லிஃப்ட் என்றால் பயம், பாலம் என்றால் பயம், முத்திரை குத்தும் அதிகாரி என்றால் பயம், மாமியார் தும்மினால்கூடப் பயம். வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "இவளா பயந்தவ? போன வாரம் பாதிரியாரையே நெத்தியில ஆரஞ்சு வச்சு ஆட விட்டாளே!" என்பார்கள்.

அந்த விளையாட்டுகளெல்லாம் அவளுக்கு மழலையர் பள்ளியிலிருந்து வந்தவை. ஒன்பது வருஷம் அங்கே டீச்சர். சுரங்கம் மூடியபோது பெற்றவர்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள், பள்ளிக்கூடமும் மூடியது. அந்த வருஷம் சித்தப்பா மகள் கல்யாணத்தில் மைக் பிடிக்க வேண்டியவன் வராமல் போக, சொந்தக்காரர்கள் இவள் கையில் திணித்தார்கள். "நாலு வயசுப் பிள்ளைங்களை அடக்குறவளுக்கு நாப்பது வயசுக்காரங்களை அடக்கத் தெரியாதா?" என்றாள் சித்தி. அன்றைக்கு பிரிஸ்கா வேறு வழி தெரியாமல் பள்ளிக்கூடத்து விளையாட்டுகளையே எடுத்து விட்டாள். நாற்காலியைச் சுற்றி ஓடுவது, இருவர் நெற்றிக்கு நடுவில் ஆரஞ்சுப் பழத்தை விழாமல் வைத்துக்கொண்டு ஆடுவது, சம்பந்தியம்மாக்கள் கரண்டியில் முட்டை வைத்துக்கொண்டு ஓடுவது, மாப்பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டுக் கையைத் தொட்டுப் பெண்டாட்டியைக் கண்டுபிடிக்கச் சொல்வது. கோட்டும் தொப்பியுமாக வந்த பெரியவர்கள் நாற்காலிக்கு முட்டி மோதிக்கொண்டதை ஊர் ஒரு மாதம் பேசியது. அதுவே அவள் பிழைப்பாகிவிட்டது.

அவள் பயங்களிலேயே பெரிய பயம் தேனீ. பதினோரு வயதில், பக்கத்து வீட்டுக்காரர் மாங்கிளையை வெட்டப்போய்க் கூட்டைக் கலைத்துவிட்டார். கொல்லையில் கட்டியிருந்த இரண்டு ஆடுகள் கத்தக் கத்த, தேனீக்கள் அவற்றின் மேல் கறுப்புப் போர்வைபோல மூடிக்கொண்டதை அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். கத்தி, ஓடி, கையை வீசிய அந்த மனிதர் பிழைக்கவில்லை. உறைந்துபோய் மூலையில் உட்கார்ந்துவிட்ட அவர் மனைவிக்கு ஒரு கொட்டு மட்டும்தான். முப்பத்தொன்றாவது வயதில் பிரிஸ்காவையே ஒரு தேனீ கழுத்தில் கொட்டியது. பத்து நிமிஷத்தில் முகம் பூசணிக்காயாக வீங்கி, தொண்டை அடைத்து, புருஷன் பென்சன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினான். ஊசி போட்டுப் பிழைக்க வைத்த நர்ஸ், "அடுத்த தடவை இங்க வந்து சேர நேரம் இருக்குமான்னு சொல்ல முடியாதும்மா" என்றாள். அந்த வார்த்தை அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது.

அன்று அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. மாப்பிள்ளை சிஷிம்பா பெம்பா இனம், பெண் தண்டிவே ங்கோனி இனம். அந்தக் காலத்தில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட இனங்கள். இந்தக் காலத்தில் கேலி பேசியே தீர்த்துக்கொள்கிறார்கள். எவ்வளவு கேவலமாகப் பேசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். இப்படி ஒரு கல்யாணம் கிடைத்தால் மைக் பிடிப்பவளுக்குப் பாதி வேலை மிச்சம்.

மாப்பிள்ளையின் பெரியப்பா கடோங்கோ, மரியாதையாக 'பா கடோங்கோ', சுரங்கத்தில் முப்பது வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவர். மலைபோல ஆள், இடிபோலக் குரல். அவர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"எலி தின்னிங்க வீட்ல பொண்ணு எடுத்திருக்கோம். இனிமே எங்க வீட்டுப் பூனை பட்டினிதான்!"

பெண்ணின் அத்தை ஜெலே விடுவாளா? "குரங்கு தின்னிங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்கிறோம். மாப்பிள்ளைக்கு வால் இல்லைன்னு நல்லாப் பார்த்துட்டுத்தான் சம்மதிச்சோம்!"

மண்டபம் அதிர்ந்தது. இருநூற்று நாற்பது பேர். ஒரு கோடியில் மேடை, மறு கோடியில் பெரிய வாசல், வாசலுக்கு வெளியே மாமரங்கள். மேடைக்குப் பின்சுவரில் சமையற்கட்டுக்குப் போகும் சின்னக் கதவு ஒன்று. பாட்டுப் போடும் முபங்கா, அவளோடு ஆறு வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வருபவன், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை மேடைச் சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தான். அவை 'டும் டும்' என்று அடிக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தட்டுவதுபோல இருந்தது.

ஆரஞ்சு ஆட்டம் முடிந்தது. நாற்காலி ஓட்டம் முடிந்தது. கேக்கின் சர்க்கரைப் பூ மேல் மூன்று தேனீக்கள் உட்கார்ந்திருந்ததை பிரிஸ்கா அப்போதே பார்த்தாள். வெயில் காலம், இனிப்பு இருக்கிறது, வரத்தான் செய்யும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு கேக்கிலிருந்து ஐந்தடி தள்ளியே நின்றாள்.

அடுத்து, கண்கட்டி விளையாட்டு. ஜெலே அத்தை உடைக்கு மேல் சுற்றியிருந்த இடுப்புத் துணியை அவிழ்த்துக் கொடுக்க, அதனால் சிஷிம்பாவின் கண்ணைக் கட்டி மேடை நடுவில் உட்காரவைத்தாள். தண்டிவேயையும் வேறு ஐந்து பெண்களையும் வரிசையாக நிறுத்தினாள். யாரும் எதிர்பாராமல் பா கடோங்கோ வரிசைக்குள் புகுந்து, மாப்பிள்ளை முன்னால் தன் கையை நீட்டினார்.

சிஷிம்பா தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு ரொம்ப வருஷம் சுரங்கத்துல வேலை பார்த்திருக்குங்க" என்றான்.

ஜனங்கள் கைதட்டி, காலால் தரையை உதைத்துச் சிரித்தார்கள். பெரியவர் வெற்றிக் களிப்போடு இறங்கிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பிரிஸ்காவும் சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினாள்.

மாப்பிள்ளையின் தலைக்கு நேர் மேலே கூரைப் பலகையில் தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை. பலகையின் ஓரம் விலகியிருந்தது. அந்த இடுக்கிலிருந்து, கிழிந்த சாக்கிலிருந்து பயறு சிந்துவதுபோலத் தேனீக்கள் சிந்திக்கொண்டிருந்தன. ஸ்பீக்கர் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் பலகை துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் இன்னொரு பிடி வெளியே வந்தது. பலகை நடுவில் தொங்க ஆரம்பித்திருந்தது. அதற்கு மேல் எவ்வளவு இருக்கும் என்று நினைத்தபோதே அவளுக்குக் கழுத்தில் பழைய இடம் அரித்தது.

சின்னக் கதவு மூன்று எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கமாக முதல் எட்டை எடுத்து வைத்துவிட்டதாக அவளே பிற்பாடு சொன்னாள். இரண்டாவதையும் வைத்திருப்பாள். அப்போது கண் கட்டியிருந்த சிஷிம்பா காற்றில் கையை நீட்டி, "பனா கலுபா, அடுத்த கை எங்க? சீக்கிரம் குடுங்க, எனக்கு என் பொண்டாட்டி வேணும்" என்றான். அவன் சட்டைக் காலரில் ஒரு தேனீ நிதானமாக நடந்துகொண்டிருந்தது.

அவளுக்கு ஆடுகள் கத்தியது காதில் கேட்டது. 'தேனீ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருநூற்று நாற்பது பேரும் கத்துவார்கள், ஓடுவார்கள், கையை வீசுவார்கள். நாற்காலிகள் சரியும். இத்தனை பேர் வெளியேற அந்தப் பெரிய வாசல் ஒன்றுதான்.

நேராக முபங்காவிடம் போனாள். உதட்டில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு அவன் காதில் சொன்னாள்: "பாட்டைக் குறை. நிறுத்தாத. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வா."

"ஏன்?"

"தலையைத் தூக்காத. கண்ணை மட்டும் தூக்கி மேல பாரு."

பார்த்தான். "ஆஃப் பண்ணிடட்டுமா?"

"ஆஃப் பண்ணினா பெட்டி 'டொம்'முனு ஒரு அடி அடிக்குமா, அடிக்காதா?"

"அடிக்கும்."

"அப்ப குறை. மைக் மட்டும் இருக்கட்டும்."

மேடைக்குத் திரும்பினாள். பெண்ணின் அருகில் போய் அவள் இடுப்பை அணைத்துக்கொண்டாள்.

"என்னக்கா?" என்றாள் தண்டிவே.

"சிரி. சிரிச்சுக்கிட்டே உன் புருஷன் கையைப் பிடிச்சுக்கோ. கண்ணுக் கட்டை அவுக்காத. நான் சொன்னதும் மெல்ல வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போ. மேல பார்க்காத."

மேலே பார்க்காதே என்றால் பார்க்காமல் இருப்பார்களா? தண்டிவே பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. ஆனாலும் அந்தப் பெண் கெட்டிக்காரி. பல்லைக் காட்டிச் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பார்த்தவர்கள் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்தார்கள்.

பிரிஸ்கா மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவந்தாள்.

"சொந்தக்காரங்களே! இப்ப ஒரு புது விளையாட்டு. இது வரைக்கும் யாரு நல்லா சத்தம் போடுறாங்கன்னு பார்த்தோம். இனிமே யாருக்கு வாயை மூடத் தெரியும்னு பார்ப்போம். ங்கோனியா, பெம்பாவா?"

"பெம்பாக்காரங்களுக்கா? வாயை மூடவா?" என்று ஜெலே அத்தை துள்ளிக் குதித்தாள். "இப்பவே தோத்துட்டாங்க, எழுதிக்கோங்க!"

"தோத்த பக்கம் இன்னிக்கு எல்லாப் பாத்திரமும் கழுவணும். ஆம்பளைங்களும்தான்! சட்டம் கேளுங்க. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கணும். கடைசி வரிசையிலேர்ந்து ஒவ்வொரு வரிசையா மாமரத்தடிக்குப் போகணும். பொண்ணு மாப்பிள்ளை எல்லாருக்கும் முன்னால. நாற்காலியை இழுத்தா அவுட்டு. பேசினா அவுட்டு. கையைத் தூக்கினா அவுட்டு. மூக்கு மேல கொசு உக்காந்தாலும் தட்டக் கூடாது. பிள்ளைங்க அழுதா வாயில கேக்கு வையுங்க... இல்ல, கேக்கு வேண்டாம், கேக்குகிட்ட யாரும் வராதீங்க, பால் குடுங்க. கடைசியா ஒரு தடவை சிரிச்சுக்கோங்க. மூணு எண்ணுறேன்."

எண்ணினாள். மண்டபம் அடங்கியது.

அடங்கிய பிறகுதான் அது கேட்டது. கூரை முழுக்கப் பரவிய ஓர் இரைச்சல், பெரிய கொதிகலன் பக்கத்து அறையில் கொதிப்பதுபோல. பிரிஸ்காவின் முதுகில் வியர்வை ஊசியாக இறங்கியது. ஒரு பெண் ஸ்பீக்கரைக் காட்டி, அதுதான் இரைகிறது என்று பக்கத்தவளிடம் சைகை செய்தாள். அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், ஆண்டவரே, அப்படியே நினைக்கட்டும்.

தண்டிவே மாப்பிள்ளையைக் கைபிடித்து நடத்திப் போனாள். அவன் சிரித்த முகமாக, காற்றைத் துழாவிக்கொண்டே போனான். பின்வரிசை எழுந்தது. பெண்கள் குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்து, சிரிப்பை அடக்கி, பூனை நடை நடந்தார்கள். நாற்பது பேர். எண்பது பேர். அப்போது ஒரு தேனீ வந்து மைக்கின் வலைமேல் உட்கார்ந்தது. அவள் உதட்டுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு விரல் அகலம்தான். மூச்சு விட்டால் அதன் மேல் படும். அவள் மூச்சை மூக்கில் பிடித்துக்கொண்டு, இடது கையால் அடுத்த வரிசைக்குச் சைகை காட்டினாள். தேனீ வலையைச் சுற்றி வந்தது, அவள் கட்டைவிரலில் ஏறியது. கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் கலுபா, கலுபா என்று மகள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது பேர். தேனீ பறந்துபோயிற்று.

முன்வரிசையில் பா கடோங்கோ காலை நீட்டி உட்கார்ந்தே இருந்தார். முறை வந்தபோது எழுந்தார், செருப்பைக் கழற்றவில்லை. பிரிஸ்கா இறங்கி அவரிடம் போனாள்.

"நான் என்ன நாலு வயசுப் பையனா? யாருகிட்ட..." என்று அந்த இடிக் குரல் கிளம்பியது. மேலே இரைச்சல் ஒரு சுருதி ஏறியது. இரண்டு தேனீக்கள் அவர் வழுக்கைத் தலையில் இறங்கின. தட்டுவதற்குக் கை உயர்ந்தது.

பெரியவர்களுக்கு முன்னால் முழங்காலிட்டுத்தான் பேச வேண்டும். அந்த ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு அது ரத்தத்தில் ஊறியது. ஆனால் பிரிஸ்கா நின்றபடியே ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், மறு கையால் அவர் வாயைப் பொத்தினாள். அவர் கண்கள் பிதுங்கின. பார்த்துக்கொண்டிருந்த ஜெலே அத்தையின் கையிலிருந்து செருப்பு நழுவப் பார்த்தது.

அவர் காதருகே சொன்னாள்: "தேனீ, பா கடோங்கோ. கூரை நிறைய. இன்னும் அறுபது பேர் உள்ள இருக்காங்க. என்னை அப்புறமா அடிச்சுக்கோங்க."

அவர் கண் மட்டும் மேலே போய் இறங்கியது. அந்த ஒரு கணத்தில் வேறு ஆளாகிவிட்டார். கையை மெல்ல இறக்கினார், குனிந்து செருப்பைக் கழற்றினார். தலையில் ஊர்ந்த தேனீக்களோடே நடந்துபோய் வாசல் நிலையருகே நின்றுகொண்டு, சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கியவர்போல ஒவ்வொருவர் தோளையும் தொட்டு வெளியே அனுப்பினார். கடைசி ஆள் வெளியேறும்வரை ஒரு நாற்காலிகூட விழவில்லை.

விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு பிரிஸ்கா வந்தாள். முபங்கா அவளுக்குப் பின்னாலேயே வந்தான் என்றுதான் நினைத்திருந்தாள். மாமரத்தடிக்கு வந்ததும் சனங்கள் வெடித்துச் சிரித்து, எந்தப் பக்கம் ஜெயித்தது என்று கத்த ஆரம்பித்தார்கள். "கதவைச் சாத்துங்க! கேட்டுக்கு அந்தப் பக்கம் போங்க! தேனீ, தேனீ!" என்று அவள் கத்தியபோதுதான் அவனைக் காணவில்லை என்று தெரிந்தது. கடன் வாங்காமல் ஆறு வருஷம் சேர்த்து வாங்கிய, பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பெட்டியை எடுக்க உள்ளே திரும்பிப் போயிருந்தான்.

அப்போது பலகை விழுந்தது. சத்தம் வெளியிலேயே கேட்டது. அதற்குப் பின்னால் முபங்காவின் அலறல்.

பிரிஸ்கா வாசலுக்கு ஓடவில்லை. ஓட வேண்டும் என்று நினைத்தாள், கால் வரவில்லை. புல் தரையில் வேர் விட்டதுபோல நின்றாள். அவளைத் தாண்டி பா கடோங்கோதான் ஓடினார். வாசலருகே மேசையில் கிடந்த விரிப்பை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே போனார். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. முபங்காவை அதே விரிப்பில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவர்களுக்குப் பின்னால் வாசல் வழியே புகைபோலக் கிளம்பியதைப் பார்த்ததும் மீதி ஜனம் தெறித்து ஓடியது.

கணக்கெடுத்ததில் ஒன்பது பேருக்குக் கொட்டு. முபங்காவுக்கு எழுபதுக்கு மேல். பெரியவருக்கு இருபத்திரண்டு. பிரிஸ்காவுக்கு ஒன்றுகூட இல்லை. அன்று மாலை விருந்து ஜெலே அத்தை வீட்டு முற்றத்தில் நடந்தது. முதலில் முணுமுணுத்தது பெம்பா என்றும், முதலில் சிரித்தது ங்கோனி என்றும் சண்டை போட்டுக்கொண்டே இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து பாத்திரம் கழுவினார்கள். அங்கே அவள் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பென்சனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் முபங்காவுக்கு ஒரு கண் திறந்தது. அவள் கட்டிலருகே முழங்காலிட்டு, மறைக்காமல் சொன்னாள்: "நீ கத்தினது கேட்டுச்சு. நான் உள்ள வரல. எனக்குப் பயம்."

வீங்கிய உதட்டோடு அவன் குழறினான். "பெட்டிக்காகப் போன மடையன் நான். நீயும் வந்து செத்திருந்தா கலுபா என்னைச் சும்மா விடுவாளா?" அப்புறம், "மிக்ஸர் என்னாச்சு?" என்றான். தேன் ஊறிப் பாழாகிவிட்டது என்று சொன்னபோதுதான் அவன் அழுதான்.

அதற்கப்புறம் பிரிஸ்காவால் எந்த இரைச்சலையும் தாங்க முடியவில்லை. வீட்டு ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் பாத்திரத்தைக் கீழே போட்டுவிடுவாள். பென்சன் ஃப்ரிட்ஜை எடுத்து அண்டை வீட்டில் வைத்தான். ஒத்துக்கொண்ட மூன்று கல்யாணங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நவம்பர் கடைசியில் பா கடோங்கோ ஒரு நாட்டுக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவள் பதறிப்போய் முழங்காலிட்டு, "அன்னிக்கு உங்க வாயில கை வச்சது..." என்று ஆரம்பித்தாள்.

"அதை விடு. நாப்பது வருஷமா எங்க வீட்டுக்காரி செய்யணும்னு நினைச்சதை நீ செஞ்சுட்டே. ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறா." கோழியை நீட்டினார். "என் சின்ன மகளுக்கு டிசம்பர்ல கல்யாணம். மைதானத்துல பந்தல் போடுறோம். கூரையே கிடையாது. நீ வரணும்."

"என்னால முடியாதுங்க. நீங்க தைரியசாலி. உள்ள போனீங்க. நான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

பெரியவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்த அவருக்குத் தெரியும் என்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. "உள்ள போனதும் நான் கால்சட்டையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டேன். தேன் கொட்டி ஈரமாச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நீ வெளிய சொன்னா, அப்புறம் நான் ஊரை விட்டே போகணும்."

பிரிஸ்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். உள்ளேயிருந்து பென்சன் பயந்துபோய் ஓடிவந்தான்.

டிசம்பர் கல்யாணத்துக்குப் போனாள். முபங்கா இரவல் பெட்டியோடு வந்தான், காதோரம் தழும்புகள் இன்னும் கறுத்திருந்தன. பாதியில் மழை பிடித்துக்கொண்டது. பந்தல் ஒழுக, ஜனங்கள் நனைந்துகொண்டே ஆரஞ்சு ஆட்டம் ஆடினார்கள். இப்போதும் எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் வந்து, "அந்தப் பேசாம நடக்கிற விளையாட்டை ஒரு தடவை வையுங்க, பனா கலுபா" என்று கேட்பார்கள். அவள் அதை மட்டும் வைப்பதில்லை. மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வாள்.